ஒரு குறுணி நெல்: திருமுக்கூடல் ஆதுலசாலை யாருக்காக நடந்தது?

வீரராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த (ஏறத்தாழ 1068) திருமுக்கூடல் கல்வெட்டைக் கொண்டு, சோழநாட்டில் ஊர்மக்களுக்குப் பொது மருத்துவமனை நடந்தது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மருத்துவமனைத் திறப்புவிழா உரைகளில் அது வரட்டும். அங்கே யாரும் சான்று கேட்பதில்லை. ஆய்வு நூல்களிலும் அதே வரி திரும்பத் திரும்ப வருவதுதான் சிக்கல். எதிர்நிலையில் நிற்போர், அது வேதபாடசாலையோடு ஒட்டிய நோயாளர் கூடம் மட்டுமே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இவ்விரண்டில் பின்னது உண்மைக்கு அருகில் உள்ளது. ஆயினும் கல்வெட்டு தரும் நெற்கணக்கை அவர்களும் போட்டுப் பார்க்கவில்லை. போட்டுப் பார்த்தால், அந்த ஆதுலசாலை, அதாவது நோயாளர் சாலை, யாருக்காக ஏற்பட்டது என்பதோடு, அதற்கு வெளியே ஊர்மருத்துவம் எப்படி நடந்திருக்கும் என்பதற்கும் ஒரு தடயம் கிடைக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் இக்கல்வெட்டை கே.வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். ஆவணம் முழுவதும் ஒரே வரவுசெலவுக் கணக்கு. பெருமாளுக்கு அமுதுபடி, விழாச் செலவு, சனநாத மண்டபத்தில் நடந்த பாடசாலை, மாணவர் விடுதி, வீரசோழன் ஆதுலசாலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதில் வருகின்றன. ஆதுலசாலை வரிகளை மட்டும் அறுத்தெடுத்துப் படிப்பவர்க்கு அது தனி நிறுவனமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவ்வரிகளின் அண்டை வரிகளோ விடுதியைப் பற்றியவை: இருக்கு வேதம் ஓதுவார் 10 பேர், யசுர் வேதம் ஓதுவார் 10 பேர், வியாகரணம் கேட்பார் 20 பேர், அவர்களுக்கு உணவு, படுக்கப் பாய், சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய். சனி நீராட எண்ணெய் கொடுப்பதும் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுப்பதும் ஒரே பொறுப்பின் இரு பகுதிகள் என்றே கணக்கை எழுதியவர் கருதியிருக்க வேண்டும்.

இனிச் சம்பளப் பட்டியல். மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அதற்கு மேல் நிலமும் உண்டு, உரிமை வழிவழியாக வருவது. சல்லியக்கிரியை செய்பவனுக்கு, அதாவது அறுவை மருத்துவனுக்கு, 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொணர்ந்து, மருந்து காய்ச்சும் இருவர்க்கு 60 கலமும் 2 காசும். நோயாளரைப் பார்த்து மருந்தூட்டும் பெண்டிர் இருவர்க்கு 30 கலமும் 1 காசும். நாவிதனுக்கு 15 கலம். தண்ணீர் வைப்பவனும் உண்டு.

ஒரு கலத்துக்கு 12 குறுணி, ஒரு குறுணிக்கு 8 நாழி, ஆண்டுக்கு 360 நாள் என்ற வழக்கமான கணக்கில் வைத்தால், மருத்துவரின் படி நாளொன்றுக்கு முக்குறுணி. அறுவை மருத்துவனுக்கு ஒரு குறுணி. மூலிகை பறிப்பவனுக்கும் அதே ஒரு குறுணி, ஆனால் அவனுக்கு ஆண்டுக்கு ஒரு காசு கூடுதலாக உண்டு. ஆகவே விறகு சுமந்து கசாயம் காய்ச்சியவன் உடலைக் கீறிச் சிகிச்சை செய்தவனைவிடச் சற்று அதிகமாகவே பெற்றான். மருத்துவர் பெயரோடு நிற்கிறார். அறுவை மருத்துவனுக்குப் பெயரும் குறிக்கப்படவில்லை.

இதைச் சாதிப் படிநிலையின் விளைவு என்று விளக்குவோர் உளர்: கத்தி பிடிக்கும் கை தாழ்ந்தது, ஆகவே கூலியும் தாழ்ந்தது. படிநிலை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது பட்டியல் முழுவதிலும் இருக்கிறது. ஆனால் தாழ்வு மட்டுமே காரணமென்றால் மூலிகை பறிப்பவன் ஏன் கூடுதலாகப் பெறுகிறான்? அவனும் உயர்ந்த நிலையினன் என்று எவரும் வாதிடப்போவதில்லை. எளிய விளக்கம் ஒன்று உண்டு. மூலிகை பறிப்பவனுக்கு இது முழுநாள் வேலை: பறிக்க வேண்டும், உலர்த்த வேண்டும், இடிக்க வேண்டும், அடுப்படியில் நிற்க வேண்டும். அறுவை மருத்துவனுக்கோ கட்டி உடைக்கவோ முறிந்த எலும்பு கட்டவோ அழைத்த அன்று வருவதுதான் வேலை. ஒரு குறுணி நெல் அவனை இந்த ஆதுலசாலையோடு பிணைத்துவைக்கும் படி. பிழைப்பு அதில் அடங்கியிருக்க முடியாது. மீதிப் பிழைப்பு வெளியே, ஊர்களில் இருந்திருக்க வேண்டும். இதை நேராகச் சொல்லும் வரி கல்வெட்டில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் சம்பள விகிதத்தைக் குழப்பமின்றி விளக்கும் வேறொரு வாசிப்பை நான் இதுவரை காணவில்லை.

அடுத்து நோயாளர். ‘பதினைந்து கட்டில்கள்’ என்று நம் நூல்கள் எழுதுகின்றன. இக்காலத்து மருத்துவமனையின் அளவுகோல் அது. கணக்கில் உள்ளது 15 பேருக்கான அரிசி, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி. சோழர்காலக் கோயில் கணக்குகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது பரவலான விகிதம். அது இங்கும் செல்லுமாயின், 15 இடமும் ஆண்டு முழுவதும் நிரம்பியிருந்தால் நோயாளர் அரிசிக்கு மட்டும் சுமார் 140 கலம் நெல் வேண்டும். மருத்துவரின் நெல்லைப் போல அது ஒன்றரை மடங்கு. ஆக, இந்த ஆதுலசாலையின் நெற்செலவில் மிகப் பெரியது சோறு.

இந்த ஓர் உருப்படியை முன்வைத்தே முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும் என்பது என் வாதம். சோறு, தண்ணீர், விறகு, இரவெல்லாம் எரியும் விளக்கு, மருந்தூட்டும் பெண்கள், தலைமழிக்க நாவிதன். மருத்துவரையும் அறுவை மருத்துவனையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு வீடு நோயாளிக்குச் செய்யும் பணிவிடை. ஊரில் தாயும் மனைவியும் மகளும் கூலியின்றிச் செய்தவற்றை இங்கே நாளுக்கு நான்கு நாழி நெல் கொடுத்துச் செய்விக்க வேண்டியிருந்தது. பத்து வயதில் வீட்டை விட்டு வேதம் ஓத வந்த பிள்ளைக்கும், கோயிலிலேயே கிடந்து பணி செய்தவனுக்கும் அந்தத் தேவை உண்டு. வீட்டோடு இருந்த உழவனுக்கு இல்லை. இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியோடு உறவினர் ஒருவர் இருந்துதான் தீர வேண்டியிருக்கிறது. திருமுக்கூடல் கணக்கு, அப்படி உடனிருக்க ஆளற்றவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

பட்டியலில் யார் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மருத்துவச்சி இல்லை. விடகடி தீர்ப்பவன் என்று தனியே எவனும் இல்லை. எந்த ஊரிலும் நடுராத்திரியில் கதவைத் தட்டி அழைக்கப்படுபவர்கள் இவ்விருவரே. இன்மையைக் கொண்டு எதையும் நிறுவலாகாது என்பது பொதுவிதி. ஆனால் மண்டபத்து எண்ணெய்க்கணக்கு வரை விடாமல் எழுதிய ஓர் ஆவணத்தில் இந்த இன்மை எடையற்றதாகாது. ஒப்பிடச் சான்றும் உண்டு. காகதிய ருத்ரமதேவி காலத்து மல்காபுரம் கல்வெட்டு (1261) ஆரோக்கியசாலையோடு பிரசூதிசாலையையும், அதாவது மகப்பேற்றுச் சாலையையும், சேர்த்தே சொல்கிறது. கம்போசத்தில் ஏழாம் செயவர்மன் அமைத்த 102 மருத்துவச் சாலைகளின் சாசனம், நான்கு வருணத்தாரும் அங்கே சிகிச்சை பெறலாம் என்று வெளிப்படையாக விதிக்கிறது. எல்லார்க்கும் திறந்தது என்று சொல்ல நினைத்த அரசு அதைச் சொல்லியது. திருமுக்கூடலில் அப்படி ஒரு தொடர் இல்லை.

விடுதியளவுக்கு 15 இடம் மிகுதி, ஆகவே வெளியாரும் வந்திருக்க வேண்டும் என்று ஒரு மறுப்பு எழும். கோயிற்பணியாளரைக் கணக்கில் சேர்க்காததால் வரும் மறுப்பு இது. மேலும் 15 என்பது ஒதுக்கீட்டின் மேலெல்லை, அன்றாட வருகைப்பதிவு ஆகாது. ஏறத்தாழ இருபது மருந்துகள் ஓராண்டு இருப்புக்கு அளவோடு குறிக்கப்பட்டிருப்பதைப் பெருந்திரளான நோயாளருக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. வாசா அரீதகி, தசமூல அரீதகி, பல்லாதக அரீதகி, கல்யாண லவணம், எண்ணெய்களும் நெய்களும் என்று போகும் அப்பட்டியல், நாட்பட்ட இருமலும் வாதமும் செரியாமையும் உள்ள ஒரு நிலையான குடியிருப்புக்குப் பொருந்துகிறது. திரளைக் காட்டவில்லை.

அப்படியானால் பாலாற்றங்கரை ஊர்களில் நோய்ப்பட்டவர்க்கு என்ன வழி? விடை வேறு வகை ஆவணங்களில் சிதறிக் கிடக்கிறது. மருத்துவக்காணி, வைத்தியவிருத்தி, சல்லியவிருத்தி என்ற பெயர்களில் ஊர்கள் மருத்துவருக்கு நிலம் விட்டன. அண்டையிலுள்ள உத்தரமேரூரில் விடந்தீர்ப்பவனுக்கென்றே விடகரபோகம் என்ற மானியம் இருந்தது. கட்டடம் இல்லை, அரசன் பெயர் இல்லை, கிடக்கைகளின் எண்ணிக்கை இல்லை. ஆகவே பெருமை பேச அவை உதவுவதில்லை. நிலத்தின் விளைச்சலை ஓர் ஆளுக்கு விட்டு, அவன் ஊரை விட்டுப் போகாமல் வைத்திருப்பதே அந்த ஏற்பாடு. நோயாளி தன் வீட்டுத் திண்ணையிலேயே கிடப்பார், பார்ப்பவர் வருவார், மற்றப் பணிவிடை குடும்பத்தின் பாடு.

திருமுக்கூடலில் ஒரு குறுணிக்கு அழைக்கப்பட்ட அந்தப் பெயரற்ற சல்லிய மருத்துவன் இத்தகைய ஒரு சல்லியவிருத்தியை உண்டவனாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம், ஊகமென்றே வைத்துக்கொள்ளலாம். சோழர்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முன்னோடியைத் தேடியே தீர வேண்டுமென்றால், சனநாத மண்டபத்தை விட்டுவிட்டு இந்த மானியக் கல்வெட்டுகளை ஊர்வாரியாகத் தொகுக்கலாம். எந்த மானியம் எந்தச் சபையால், எவ்வளவு நிலத்தில், வழியுரிமையோடு விடப்பட்டதா இல்லையா என்பதெல்லாம் அவற்றில் உள்ளன. அத்தொகுப்பு வரும்வரை, பதினைந்து கிடக்கைகளை ஊர் முழுவதற்கும் விரிக்க இக்கல்வெட்டு இடம் தரவில்லை.