ஊருக்குப் பொதுவான எழுத்து: ஒருங்குறித் தமிழ் பிறந்த கதை

மட்டக்களப்பின் மண்டூரில் இருக்கும் ஒரு தாய் ‘சாப்பிட்டியா மனே’ என்று கைபேசியில் எழுதி அனுப்புகிறார். கட்டாரில் வேலை செய்யும் மகனின் கைபேசியில் அது அதே எழுத்தில், அதே ஒழுங்கில் திறக்கிறது. இருவரின் கைபேசிகளையும் செய்தவை வேறு வேறு நிறுவனங்கள். இருவரும் எழுத்துரு எதையும் விலைக்கு வாங்கவில்லை, யாரிடமும் உத்தரவு கேட்கவுமில்லை.

இதை இன்று காற்றைப்போல இலவசமாக அனுபவிக்கிறோம். ஆனால் இது தானாக வந்து சேரவில்லை. கணினிக்குள் தமிழ் எழுத்து எப்படி இருக்க வேண்டும், அதை யார் தீர்மானிக்க வேண்டும் என்று தமிழர்கள் பல ஆண்டுகள் தங்களுக்குள்ளும் பிறரோடும் கடுமையாக வாதாடினார்கள். அந்த வாதத்தில் பிறந்ததுதான் நாம் இன்று எழுதும் ஒருங்குறித் (யூனிகோட்) தமிழ்.

கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, மலாயாவுக்குப் போய் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 247 எழுத்துகளை ஒரு தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்று பல காலம் முயன்றார். அவர் கண்ட வழிகளில் ஒன்று நகரா விசை. அதை அழுத்தினால் குறி பதியும், ஆனால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறியோடு சேர்ந்து ஒரே எழுத்தாகத் தெரியும். அவர் வகுத்த விசைப்பலகையுடன் ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் ஆலை பொறிகளைச் செய்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை தேவையில்லை, துண்டுகளைச் சேர்த்தே தமிழை எழுதிவிடலாம் என்று அந்தப் பொறி காட்டியது. பின்னால் கணினியில் எழுந்த பெரிய சண்டையின் வித்தும் இதிலேயே இருந்தது.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையை 1963இல் அமெரிக்கர்கள் தங்கள் மொழிக்காக வகுத்துக்கொண்டார்கள். அதில் இருந்தவை 128 இடங்கள். தமிழுக்கு அங்கே ஒன்றும் இல்லை. 1980களில் வீட்டுக் கணினிகள் வந்த பின் கனடாவிலும் மலேசியாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்த தமிழர்கள் தங்கள் சொந்த முயற்சியில் தமிழை உள்ளே கொண்டுவந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். லோசானில் இருந்த கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அவரவர் அட்டவணையை அவரவரே வகுத்தார்கள். வேறு வழியும் அப்போது இருக்கவில்லை.

இலங்கையில் நமக்கு வாய்த்தது பாமினி. கிழக்கு மாகாணத்தில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் தட்டச்சுப் பழகியவர்கள் அநேகமாக எல்லோருக்கும் விரல் நுனியில் இருந்தது அதுதான். பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்தையும் வரிசையாக அடிக்க வேண்டும். ‘ஜே’ இருந்த இடத்தில் ‘த’வின் உருவத்தையும், ‘கே’ இருந்த இடத்தில் ‘ம’வின் உருவத்தையும் எழுத்துரு வரைந்து காட்டும். நம் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினி தன் நினைவில் வைத்திருப்பதோ ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும்.

இதனால் ஊரில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் கோயில் திருவிழா அறிவித்தல், மரண அறிவித்தல், காணிக் கடிதம், பாடசாலை மலர் எல்லாம் கொமியூனிகேஷன் கடைகளிலும் அச்சகங்களிலும் பாமினியில் அடிக்கப்பட்டன. அச்சிட்ட தாள் கையில் இருந்தவரை குறையில்லை. அந்தக் கோப்பை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பினால் அவரால் வாசிக்க முடியாது. அதற்குள் ஒரு பெயரைத் தேடினால் கணினி கண்டுபிடிக்காது. அடித்த ஆவணம் அடித்த கணினியோடு கட்டுண்டு கிடந்தது. ஓர் ஊரின் பத்து இருபது ஆண்டு எழுத்துப் பதிவுகள் இப்படி அரையுயிராக இருக்கின்றன.

எழுத்துருவை வரைந்தவருக்கு அந்த வடிவத்தின் மேல் உரிமை உண்டு, அவர் உழைப்புக்குக் கூலியும் உண்டு. ஆனால் ‘த’ என்ற எழுத்துக்கான எண் எந்த நிறுவனத்துக்கும் தனியுடைமையாக இருக்கக்கூடாது. அது ஊர்க் குளத்துத் தண்ணீரைப்போலப் பொதுவில் இருக்க வேண்டும். எண் தனியார் கையில் இருக்கும்வரை, ஒருவர் தன் தாய்மொழியில் எழுதியதை மறுபடி வாசிக்கவே இன்னொருவர் விற்கும் பொருளை நம்பியிருக்க வேண்டும். கணினித் தமிழ் வாதங்களின் அடிவேர் இதுதான்.

1995இல் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழ்க் கவிதைகளை ஏற்றிக் காட்டினார். 1997இல் அதே ஊரில் நடந்த தமிழ்நெற் மாநாட்டில் ஆளுக்கொரு அட்டவணை என்ற நிலை இனித் தாங்காது என்பது எல்லோருக்கும் தெளிவாயிற்று. அதன்பின் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி வாதாடித் தகுதரம் என்ற பொது அட்டவணையை ஆக்கினார்கள். ஆங்கிலத்துக்குரிய இடங்களைத் தொடாமல் மேலே எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழை வைத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற வேறு இரண்டு அட்டவணைகளை முன்வைத்தது. ஒன்றைத் தேடிப் போனவர்கள் மூன்றோடு நின்றார்கள். பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவர 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே தமிழின் தலையெழுத்து வேறோர் இடத்தில் எழுதப்பட்டாயிற்று. 1987இல் செறொக்ஸ் நிறுவனத்தின் ஜோ பெக்கரும் அப்பிள் நிறுவனத்தின் லீ கொலின்ஸ், மார்க் டேவிஸ் ஆகியோரும் உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்ற எண்ணத்தோடு வேலை தொடங்கினார்கள். 1991இல் கலிபோர்னியாவில் ஒருங்குறிச் சேர்த்தியம் பதிவாயிற்று. பெரிய கணினி நிறுவனங்களே அதன் முதல் உறுப்பினர்கள். அதே ஆண்டு வெளியான முதல் பதிப்பில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

ஒதுக்கிய விதத்தில்தான் நோவு. இந்திய அரசு 1988இல் தன் நாட்டின் பல எழுத்து முறைகளுக்கும் ஒரே அச்சில் வகுத்திருந்த அட்டவணையை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த அச்சு தேவநாகரியின் ஒழுங்கில் அமைந்தது. ஒருங்குறி அட்டவணையில் இன்றைக்கும் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாக இருப்பதைப் பார்க்கலாம். தமிழில் இல்லாத மூன்று ஒலிகளுக்காக விட்ட இடங்கள் அவை. ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னால் நிற்கின்றன. அட்டவணை எண்ணை மட்டும் நம்பிச் சொற்களை அடுக்கினால் அகரவரிசை குலையும். அதைச் சீர்செய்யத் தனி விதிகள் வேண்டியிருக்கின்றன. இன்னும் ஒன்று: தமிழ் இலக்கணத்தில் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது. இங்கேயோ ‘க’ முதலில் நிற்கிறது, அதன்மேல் புள்ளி என்ற இன்னொரு குறியைச் சேர்த்தால்தான் ‘க்’ கிடைக்கிறது. மூன்றெழுத்துச் சொல்லான ‘தமிழ்’, ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாக நிற்கிறது.

தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் இதை எதிர்த்ததில் நியாயம் நிறையவே உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் தேஸ்-16 என்ற முறையை ஒரு சாரார் முன்வைத்தார்கள். அதில் ‘தமிழ்’ 6 பைட்டில் அடங்கும். ஒருங்குறியின் 16 பிட் வடிவில் அதற்கு 10 பைட், இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் வடிவில் 15 பைட். குறுஞ்செய்தியில் இந்த வேறுபாடு காசாகவே தெரிந்தது. ஒரு குறுஞ்செய்திக்குள் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் அடங்க, தமிழில் 70 குறிகள் மட்டுமே அடங்கின. அதில் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ஒரே சேதியைச் சொல்லத் தமிழர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுசாரார் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒருங்குறியில் ஒருமுறை வைத்த எழுத்தை நகர்த்தவோ நீக்கவோ மாட்டோம் என்பது சேர்த்தியத்தின் உறுதிமொழி. பழைய ஆவணங்கள் எல்லாக் காலத்திலும் திறக்க வேண்டும் என்பதற்கான உறுதிமொழி அது. ஆகவே திருத்தம் கேட்பது வீண், தனி அட்டவணையோடு விலகி நின்றால் உலகத்தின் எந்தக் கருவியும் நமக்காகக் காத்திருக்காது என்றார்கள். தமிழ்நாட்டு அரசு 2010 ஜூனில் இரண்டையும் ஏற்றது: பொதுப் பயன்பாட்டுக்கு ஒருங்குறி, அதற்கு இடமில்லாத வேலைகளுக்கு தேஸ்-16.

உண்மையில் தீர்ப்பைச் சொன்னவர்கள் கூலியில்லாமல் உழைத்தவர்கள். 2000இல் விண்டோஸ் ஒருங்குறித் தமிழோடும் லதா எழுத்துருவோடும் வந்தது கதவைத் திறந்தது. உள்ளே போய் வீட்டைக் கட்டியவர்கள் தன்னார்வலர்கள். முகுந்தராஜும் தமிழா குழுவினரும் எ-கலப்பையை இலவசமாகக் கொடுத்து யாரும் தமிழில் தட்டச்சிட வழிசெய்தார்கள். சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி, பாமினியில் கிடந்ததை ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. பாமினிக் கோப்பை அதில் ஒட்டி, தன் எழுத்து உயிர்பெற்று எழுவதைக் கண்டு மகிழ்ந்த ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இ. மயூரநாதன் கட்டுரை கட்டுரையாக எழுதி வளர்த்தார். 1998 பொங்கலில் பிறந்த மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒருங்குறிக்குக் கொண்டுவந்தது. 2005இல் ஈழத்து நூல்களுக்கென நூலகம் எண்ணிம நூலகம் பிறந்தது. இலங்கை அரசின் தர நிறுவனமும் தமிழுக்கான குறியேற்றத் தரத்தை ஒருங்குறியை அடிப்படையாக வைத்தே அமைத்தது. 2010இல் இணைய முகவரியின் கடைசியில் .இலங்கை என்று தமிழிலேயே எழுதும் உரிமையும் வந்தது. தனி எழுத்துருக் காலத்தில் இதைக் கனவுகூடக் கண்டிருக்க முடியாது.

அதே 2010இன் கடைசியில் இன்னொரு பெரிய வாதம் மூண்டது. வடமொழியை எழுதத் தமிழகத்தில் புழங்கிய கிரந்த எழுத்துக்கு ஒருங்குறியில் இடம் கேட்ட முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழின் சிறப்பு எழுத்துகளும் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது, மாநில அரசு தலையிட்டது, முடிவு தள்ளிப்போனது. 2014இல் கிரந்தம் ஒருங்குறிக்குள் வந்தபோது அந்த ஐந்தும் அதில் இருக்கவில்லை. 1988இல் முடிவெடுத்த இடத்தில் தமிழின் குரல் உரக்க ஒலித்திருந்தால் அட்டவணை வேறு மாதிரி இருந்திருக்கும். 2010இல் குரல் கேட்டதால் முடிவு மாறியது. வாதாடுபவர்களைக் குழப்பக்காரர் என்று ஒதுக்குவோர் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒருங்குறித் தமிழ் குறையோடு பிறந்தது. ஆனாலும் அது பொதுவில் பிறந்தது. அதன் அட்டவணையை யாரும் பார்க்கலாம், யாரும் எழுத்துரு செய்யலாம், யாரும் காசு கொடுக்காமல் எழுதலாம். தனியார் பூட்டுக்குள் இருக்கும் சிறப்பான எழுத்தைவிடப் பொதுவில் இருக்கும் குறையுள்ள எழுத்தே மக்களுக்கு உதவும். குறையை மென்பொருளால் ஈடுசெய்யலாம், செய்தும் வருகிறோம். பூட்டை ஈடுசெய்ய வழியில்லை.

இனிச் செய்ய வேண்டியவை இரண்டு. மண்டூரின் பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலைத் தந்து இந்த மண்ணின் வழக்கையும் பாடலையும் பதிவுசெய்தார். அவருக்குப் பின் வந்த நாம் கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் பாமினிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். பழைய கணினிகள் பழுதாகிக் குப்பைக்குப் போவதற்குள் அந்தக் கோப்புகளைத் தேடியெடுத்து ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். கோயில் நிர்வாகமும் பாடசாலைப் பழைய மாணவரும் மனம்வைத்தால் போதும், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது அவசரமானது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் எந்த மொழியையும் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கின்றன. தமிழை அவை பெரும்பாலும் ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக வெட்டுகின்றன. துண்டுக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில், குறுஞ்செய்திக் காலத்துக் கூடுதல் செலவு மறுபடி நம் தலையில் விழுகிறது. எப்படி வெட்டுவது என்பதைச் சில நிறுவனங்கள் இப்போதே தீர்மானித்துக்கொண்டிருக்கின்றன. முடிந்தபின் முறையிடுவதில் பயனில்லை என்று 1991 நமக்குக் கற்றுத்தந்தது. இந்த முறை, தீர்மானம் எழுதப்படும்போதே தமிழர் அங்கே இருக்க வேண்டும், உரக்கப் பேச வேண்டும்.