எந்த ஊர் என்று எழுதுவது?

'சொந்த ஊர் எது?' என்கிற கேள்வி தமிழ்நாட்டில் எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. சாதிக்காரனிடம் அது ஊரைக் கேட்கிறது. நம்மிடம் அது சாதியைக் கேட்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த மண்ணில் 'ஊர்' என்ற சொல்லே நம்முடையதாக இருந்ததில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், வரி இல்லாமல் ஒதுக்கிய நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம் தனியாக, பறைச்சேரி தனியாக, சுடுகாடு தனியாக வருகின்றன. ஆயிரம் வருசமாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் தலித் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இடத்தின் பெயரில்.

என் குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். திருப்பத்தூர் தாலுகாவில் ஒரு சேரி. தாத்தாவின் அப்பா கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். தகரப் பெட்டியில் கிடந்த அவருடைய காகிதத்தில் 'சேலம் ஜில்லா' என்றிருக்கிறது. தாத்தாவின் காகிதத்தில் வட ஆற்காடு. என் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தங்கச்சி கல்யாணப் பதிவில் வேலூர். அவள் பிள்ளைக்குத் திருப்பத்தூர் மாவட்டம். ஐந்து மாவட்டம் ஆயிற்று. சேரி ஓரடிகூட நகரவில்லை. திருப்பத்தூரை 1911 வாக்கில் சேலத்திலிருந்து வட ஆற்காட்டில் சேர்த்தார்கள். 1989இல் வட ஆற்காட்டை இரண்டாக்கினார்கள். 2019 நவம்பரில் வேலூரை மூன்றாக்கினார்கள். இது தெரியாத பேரப்பிள்ளை வேலூர் ஆவணங்களை மட்டும் புரட்டிவிட்டு, 'ஒண்ணும் கெடைக்கல, நமக்கெல்லாம் ஏது வரலாறு' என்று எழுந்து போய்விடும். சிவகங்கைப் பக்கம் இன்னொரு திருப்பத்தூர் இருப்பது வேறு குழப்பம்.

மாவட்டப் பெயர் மாறுவதெல்லாம் வெறும் நிர்வாகக் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. தலித் ஒருவர் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். அரசு என்ன செய்தது? மாவட்டங்களிலும் போக்குவரத்துக் கழகங்களிலும் இருந்த தலைவர்கள் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. அந்தப் பத்தாண்டோடு அம்பேத்கர் பெயரில் ஒரு மாவட்டம் இருந்ததும் முடிந்துபோனது. என் பிறப்புச் சான்றிதழ் இன்று அதற்கு ஒரு சாட்சி.

சேரியின் பெயரும் சும்மா இருக்கவில்லை. பழைய பத்திரத்தில் பறைச்சேரி. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு 'பறையர்', 'பஞ்சமர்' என்பவை போய் அரசு ஏட்டில் 'ஆதிதிராவிடர்' வந்தது. பிறகு அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி. எங்கள் இளைஞர்கள் பலகை நட்டு வைத்த பெயர் அம்பேத்கர் நகர். ஆயாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஊரு அவங்களுது, நம்முது சேரி. எந்த ஊருன்னு கேட்டா நான் எதச் சொல்றது?" என்றது. இந்த ஒரு வாக்கியத்தை நான் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. வசவாகிப்போன சொல்லைத் தெருமுனையில் தொங்கவிட வேண்டியதில்லை. பலகை மாறட்டும். ஆனால் நம் குடும்பப் பதிவில் பழைய பெயரைத் துடைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். 'அந்த வசவை நாமே திரும்ப எழுதுவதா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். யார் வைத்த பெயர், எந்த வருசம், எந்தக் காகிதத்தில் என்று சேர்த்து எழுதும்போது அது வசவாக நிற்பதில்லை. வைத்தவன்மேல் சாட்சியாக நிற்கிறது. பெயரைத் துடைத்தால் மறைவது நம் இழிவல்ல, இழிவு செய்தவனின் கைரேகை.

இதில் மானம் மட்டுமல்ல, மண்ணும் இருக்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையால் நம்மவர்க்குக் கொடுத்தது பஞ்சமி நிலம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, பிறகும் நம்மவர் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீட்கப் போனவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். பழைய பதிவில் அந்த நிலம் 'டி.சி. நிலம்' என்றிருக்கும், பக்கத்தில் சேரியின் பழைய பெயர் இருக்கும். அந்தப் பெயர் பேரனுக்குத் தெரியாவிட்டால் அவன் எந்த ஏட்டைக் கேட்பான்?

ஆகவே எழுதப்போகிற தோழர்களுக்குச் சில. காகிதத்தில் உள்ள பெயரை, எழுத்துப் பிழையோடு, அப்படியே எழுதுங்கள், 'திருத்த' வேண்டாம். பக்கத்திலேயே வருசம், கிராமம், தாலுகா, ஜில்லா எழுதுங்கள். அடுத்த வரியில் இன்றைய பெயர். கீழவெண்மணி 1968 டிசம்பர் 25 என்றால் தஞ்சாவூர் மாவட்டம் என்றுதான் முதலில் வரவேண்டும். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல். அதற்கும் கீழே நாம் வாயால் சொல்லும் பெயர், ஊர்க்காரன் நம் இடத்தைச் சொல்லும் பெயர், இரண்டையும் தனித்தனியாக. பிழைக்கப் போன இடத்துக்கும் இதே கணக்குதான். வீட்டில் 'கோலாரு' என்பார்கள். காகிதத்தில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்றிருக்கும். அப்போது அது மைசூர் சமஸ்தானம், 1973இலிருந்து கர்நாடகம். 'கண்டிக்குப் போனாரு' என்றால் கண்டி நகரம் என்று எழுதிவிடாதீர்கள். இலங்கையின் எந்தத் தோட்டமாகவும் இருக்கலாம். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று கேளுங்கள்.

தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடியாயிற்று. அந்தப் பெயர்களை வாயில் வைத்திருக்கும் கிழங்கட்டைகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அரசு ஏடு எங்கேயாவது ஒரு அலமாரியில் கிடக்கும், நாளைக்கும் தேடலாம். ஆயாக்களைத் தேட முடியாது. முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.