சந்திரசேகரன் என்ற பெயர்

அந்தமானில், ஷாதிபூரில் இருக்கும் என் பிள்ளைக்குச் சென்ற ஆண்டு ஆண் குழந்தை பிறந்தது. பதிவுப் படிவத்தில் எழுதப் பெயர் கேட்டார்கள். மூத்த பேரன், வழக்கப்படி என் பெயர்தான் வைக்க வேண்டும். "சந்திரசேகரன்னா ரொம்ப நீளம்ப்பா, பழசாவும் இருக்கு" என்றான் பிள்ளை. நீளம்தான், பழசும்தான். எவ்வளவு பழசு என்று பார்ப்போமே என உட்கார்ந்தேன்.

சேகரம் என்றால் சிரசில் சூடும் அணி. தக்ஷனின் சாபத்தால் தேய்ந்துவந்த சந்திரன் ஈச்வரனைச் சரணடைய, எஞ்சிய பிறையை அவர் ஜடையில் தரித்தார் என்பது புராணம். சந்திரமௌலி, சசிசேகரன், பிறைசூடன் எல்லாம் இதே பொருள்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆண் குழந்தையின் பெயர் இரண்டு அல்லது நான்கு அக்ஷரம் கொண்டு, கோஷ எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறது ஆபஸ்தம்ப கிருஹ்ய சூத்திரம். சந்த்ரசேகர என்பதிலோ ஐந்து அக்ஷரம். முதல் 'ச' கோஷமற்றது. சூத்திரத்துக்கு ஒத்துவராத பெயர் நம் அகங்களில் நிலைத்ததற்கு, பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே காரணம் என்பது என் எண்ணம். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதன் மரூஉ. சிராத்தத்தில் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவும் இது வசதி. மாட்டுப்பெண் மாமனார் பெயரை உச்சரிக்கலாகாது என்பதால் குழந்தை வீட்டில் அம்பியாகிவிடுவான். எழுபது கடந்தும் நான் ஊரில் அம்பிதான்!

துறவிலும் இது உண்டு. பூர்வாசிரமத்தில் சுவாமிநாதனாக இருந்த காஞ்சி மகா ஸ்வாமிகள் 1907ல் 68வது பீடாதிபதியானபோது ஏற்றது, குருவின் குருவான 66வது ஆசார்யரின் திருநாமத்தை.

உலகறிந்த உதாரணம் சர் சி.வி. ராமன் குடும்பம். அந்த 'சி', தகப்பனார் சந்திரசேகர ஐயர். ராமனின் தமையனார் சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் லாகூரில் இருந்தபோது, 19.10.1910 அன்று பிறந்த முதல் ஆண் குழந்தைக்குத் தாத்தா பெயரையே வைத்தார். அந்தப் பேரன் 1930ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, வெண்குறு நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டென்று கணக்குப் போட்டார். அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பி.எஸ்ஸி. வகுப்பில் 'சந்திரசேகர் வரம்பு' என்று கேட்டபோது யாரோ என் தாத்தாவைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. 1983ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1995ல் காலமானார். குழந்தைகள் இல்லை. 1999 ஜூலை 23ல் நாசா விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, நண்பர்கள் அவரை அழைத்த 'சந்திரா' என்ற பெயரே வைக்கப்பட்டது.

இதையெல்லாம் பிள்ளையிடம் சொன்னேன். "பாருங்கோ, நாசாவே சுருக்கித்தானே வெச்சிருக்கா" என்றான். கடைசியில் படிவத்தில் 'சந்திரசேகர்' என்று எழுதினோம். 'அன்' போயிற்று, அதை நான் விட்டுக்கொடுத்தேன். மாட்டுப்பெண் என் எதிரிலேயே "சந்துரு, சந்துரு" என்று கூப்பிடுகிறாள். இரண்டொரு முறை நான் திரும்பிப் பார்த்துவிட்டேன்.