பாரவண்டி முதல் லாரி வரை

தொழில் இன்றேல் குடி இல்லை. குடி இன்றேல் குலமும் இல்லை. இதனை நன்கறிந்த நம் முன்னோர், ஒரு தொழில் தேயுங்கால் மற்றொன்றைக் கைக்கொண்டு பிழைத்தனர். அவ்வரலாற்றை இன்று மீண்டும் எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்களில் நம்மவர் பலர்க்குச் சோறளித்து வரும் லாரித் தொழிலின் வருங்காலம் ஐயத்திற்குரியதாய் நிற்பதே அதற்குக் காரணம்.

இருப்புப்பாதை வருமுன் கொங்குநாட்டுப் பருத்தி முதலிய சரக்குகள் பாரவண்டிகளிலேயே வெளியூர் சென்றன. நாளொன்றுக்கு 10 அல்லது 15 மைல் கடப்பதே மாடுகளுக்குப் பெரும்பாடு. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிற்று. 1862-ல் அப்பாதை சேலத்தின் வழியே மேற்குக்கரைப் பேப்பூர் வரை முற்றுப்பெற்றது. அத்துடன் வண்டித்தொழில் ஒழிந்ததோ? ஒழியவில்லை. ஒழிந்தது நெடுவழி வண்டியே. சந்தைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குறுவழி வண்டி அதன்பின் நூறாண்டு வாழ்ந்தது. ஆனால் நெடுவழிக் கூலியை நம்பியிருந்தவன் குறுவழிக் கூலிக்கு இறங்க நேர்ந்தது. இதனை அன்பர்கள் மனத்திற் கொள்க.

மோட்டார் வண்டிகளுக்கு 1914-லும், பின்னர் விரிவாக 1939-லும் சட்டங்கள் எழுந்தன. இரண்டாம் மகாயுத்த காலத்தில் பெட்ரோல் கிடைத்தற்கரிதாகவே, கரிவாயு அடுப்பைப் பின்னே சுமந்து மோட்டார்கள் ஓடின. சுதந்தரத்தின்பின் 1948-ல் தொடங்கி எண்ணூரில் தொழிற்சாலை அமைத்த அசோக் கம்பெனியும், 1954 முதல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாடா லாரிகளும் இத்தொழிலுக்கு வழி திறந்தன. மழை பொய்த்த மானாவாரிக் காடுகளை நம்பிப் பயனில்லை என்று கண்ட நம்மவர், நகையை விற்றும், உறவினருடன் பங்கு சேர்ந்தும் லாரி வாங்கினர். கிளீனராய் ஏறியவன் டிரைவரானான், டிரைவர் பங்காளியானான், பங்காளி முதலாளியானான். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. இது நம் ஒரு குலத்தார்க்கே உரிய பெருமையன்று. பல குலத்தாரும் ஒரே சாப்பாட்டுக் கடையில் உண்டு வளர்த்த தொழில் இது.

நிற்க. இன்றைய நிலை யாது? 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரக்கு, சேவை வரி வந்தபின் மாகாண எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. வாளையாற்றில் வரிசையில் காத்துக் கிடந்த துயரும் தீர்ந்தது. ஆயினும் சாரதியின் இருக்கையில் அமர இளைஞர் இசைகின்றிலர். சாரதிகள் ஏறக்குறைய 22 லட்சம் பேர் குறைவென்று 2019-ல் சர்க்காரே கூறி, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை நீக்கினர். லாரிக்காரனுக்குப் பெண் கொடோம் என்னும் சொல் நம் வீடுகளிலேயே ஒலிக்கின்றதன்றோ?

இவ்வாறு ஆள் கிடையாத நேரத்தில், ஆள் வேண்டா இயந்திரமும் எழுந்துள்ளது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் டெக்ஸஸ் இராச்சியத்து டல்லஸ், ஹியூஸ்டன் நகரங்களுக்கிடையே சாரதி இல்லாமலே சரக்கு லாரி ஓடிற்று. அம்மாதமே, வண்டி செய்த கம்பெனியார் வேண்டியவாறு, மேற்பார்வைக்கு ஒருவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். நம் தேசத்தில் இவை வேண்டா, வேலை பறிபோம் என்று போக்குவரத்து மந்திரியார் 2017-லேயே கூறினார். மந்திரிகளின் சொல் எத்தனை காலம் நிற்கும் என்பதை நாம் கூற வேண்டுவதில்லை. அன்றியும், பஞ்சாபிலிருந்து பீகார் வரை 1337 கிலோமீட்டர் சரக்கு ரயில் தனிப்பாதை 2023-ல் முடிந்துள்ளது. இயந்திரமாயினும் ரயிலாயினும் முதலிற் கொள்வது நெடுவழியையே. 1862-ல் பாரவண்டிக்கு நேர்ந்தது இதுவேயாம்.

இனிச் சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடுவோம். நம் சமூகக் காரியங்களுக்கு நிதி வழங்குவோருள் லாரி முதலாளிகள் பலர். அவர்தம் வண்டிகளில் இரவெல்லாம் விழித்திருப்போரும் நம் பங்காளிகளும் மாமன் மைத்துனருமே. 1961-ஆம் ஆண்டு மோட்டார் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலையை வரையறுத்தது. ஆனால் ஐவருக்குக் குறைந்த தொழிலாளரை வைத்திருந்தோரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தவில்லை. ஒன்றிரண்டு லாரி உடையார் பலராகிய நம்மவரிடை அச்சட்டம் ஏட்டளவே நின்றது. இயந்திரம் நாளை வேலையைப் பறிக்கும் என அஞ்சுகின்றோம். இன்று உறக்கத்தைப் பறிப்பவர் யார்?

ஆதலின் நான்கு காரியங்கள் வேண்டுகின்றோம். சட்டம் கேளாவிடினும் முதலாளிமார் வேலை நேரத்தையும் ஓய்வையும் காப்பாராக. சாரதியின் பெயரில் விபத்துக் காப்பும் முதுமைக்கான சேமிப்பும் செய்வாராக. நம் சங்கத்தார் சாரதிகளின் மக்களுக்குப் படிப்புதவியில் முதலிடம் தருவாராக. இளைஞர் ஓட்டுவதோடு அமையாது, மின்சார வண்டியின் பழுது பார்க்கும் கலையையும் கற்பாராக.

நுகத்தடியை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் அவை. மற்றொன்றைப் பிடிக்க அவற்றுக்கு வலியுண்டு. பிடிக்கும் வரை விழாதிருக்கத் தாங்குவது நம் கடன்.