பதினெட்டு மீட்டர் எதை அளக்கிறது? பாரடைஸ் நகரின் சான்றும் வளரும் வீடும்

காட்டுத்தீக்குப் பின் வீடுகளை மீளக் கட்டுவது குறித்த ஆய்வுகளில் ஒரு கருத்து ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. கூரை, சுவர், ஜன்னல், காற்றுத் துவாரம் ஆகியவை தீப்பற்றாதபடி அமைந்துவிட்டால் வீடு பிழைக்கும் என்பதே அது. மறுப்போரும் உளர். புதிய விதிப்படி கட்டிய வீடுகளும் எரிந்தனவே என்று கேட்டு, விதியால் பெரும்பயன் இல்லை என்கின்றனர். இரு சாராரும் சான்றாகக் கொள்வது பெரும்பாலும் ஒரே நிகழ்வைத்தான்: 2018 நவம்பர் 8 அன்று வடக்குக் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரை அழித்த ‘கேம்ப்’ தீ. 85 உயிர்களையும் 18,804 கட்டடங்களையும் கொண்டுபோன அந்தத் தீயின் தரவுகளை இரு சாராருமே தனி வீட்டை அலகாக வைத்து வாசித்துள்ளனர். அந்த அலகே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். குடும்பத்தின் தேவைக்கேற்ப வளரக்கூடிய வீட்டை வடிவமைப்போர் இப்பிழையை அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பதால், இதைச் சரிசெய்வது வெறும் முறையியல் சிக்கல் அன்று.

முதலில் எண்கள். 2019இல் மக்ளாச்சி செய்தி நிறுவனம் வெளியிட்ட கணக்கு பரவலாகப் பேசப்பட்டது. தீயின் பாதையில் இருந்தவற்றுள், 2008க்குப் பின் கட்டிய சுமார் 350 தனிவீடுகளில் 51 விழுக்காடு சேதமின்றித் தப்பின. அதற்கு முன் கட்டிய சுமார் 12,100 வீடுகளில் தப்பியவை 18 விழுக்காடே. 2008 என்பது கலிஃபோர்னியக் கட்டட விதித்தொகுப்பின் 7ஏ இயல் நடைமுறைக்கு வந்த ஆண்டு. தீக்கங்கு நுழையாத துவாரங்கள், எளிதில் பற்றாத வெளிச்சுவர், ஒரு தகடாவது கடினமாக்கப்பட்டதாக உள்ள இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போன்றவற்றைக் காட்டோரப் பகுதிகளின் புதிய வீடுகளுக்கு அது வகுத்தது. எனவே 18க்கும் 51க்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் விதியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

2021இல் ‘ஃபயர் எகாலஜி’ இதழில் அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த எரிக் நாப்பும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை இந்த வரவைக் கேள்விக்குள்ளாக்கியது. பழைய வீடுகளை ஒரே குவியலாகக் கொள்ளாமல், 1997க்கு முந்தையவை, 1997 முதல் 2007 வரை கட்டியவை, 2008 முதல் 2018 வரை கட்டியவை என மூன்றாகப் பகுத்து அவர்கள் மாதிரி எடுத்தனர். 1997க்கு முந்தைய வீடுகளில் 11.5 விழுக்காடும் அவ்வாண்டிலும் அதற்குப் பின்னும் கட்டியவற்றில் 38.5 விழுக்காடும் பிழைத்தன. ஆனால் விதிக்குச் சற்று முன் கட்டியவற்றில் பிழைத்தவை 37 விழுக்காடு, பின் கட்டியவற்றில் 44 விழுக்காடு. இந்த ஏழு புள்ளி வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. அதாவது பெரிய ஏற்றம் விதிக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. ஆற்றல் சேமிப்புக்காகப் பரவிய இரட்டைக் கண்ணாடி, புதிய கூரைகள், மனைகளின் அமைவிடம் என அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எதற்கு எவ்வளவு பங்கு என்பதை இத்தரவைக் கொண்டு மட்டும் பிரித்துவிட முடியாது.

உறுதிப்படாத வேறுபாட்டை இல்லாத வேறுபாடாக வாசிப்பது பாடநூல் அளவிலேயே எச்சரிக்கப்படும் பிழை; அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. முக்கியமான கேள்வி வேறு. 44 விழுக்காடு என்ற எண் எதைச் சோதித்ததன் விளைவு? 12,100க்கு எதிரே 350 என்ற விகிதத்தை மீண்டும் பார்க்க வேண்டும். விதிப்படி கட்டிய வீடுகள் பழைய வீடுகளின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றன. பக்கத்து வீடும் எதிர்வீடும் பின்வீடும் அவ்விதிக்கு உட்படாதவை. ஆகவே 2018இல் சோதிக்கப்பட்டது விதி அன்று. எரியும் அண்டை வீடுகளுக்கு நடுவே தனித்து நின்ற விதிவழி வீடு. ஒரு தெரு முழுவதும் விதிப்படி எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு இந்த எண் விடை தராது. விதியைப் போற்றுவோரும் இகழ்வோரும் அந்த விடையை அதிலிருந்து எடுக்கவே முயல்கின்றனர்.

நாப் குழுவினரின் கட்டுரையிலேயே இதற்கான திறவுகோல் இருக்கிறது. அழிந்த கட்டடம் எவ்வளவு அருகில் இருந்தது, நூறு மீட்டருக்குள் எத்தனை கட்டடங்கள் அழிந்தன, சுற்றியிருந்த மரங்களின் கவிப்பு எவ்வளவு ஆகிய மூன்றுமே வீடு பிழைத்ததை வலுவாக முன்னறிவித்த காரணிகள். அழிந்த கட்டடத்திலிருந்து 18 மீட்டருக்கு அப்பால் இருந்து, 30 முதல் 100 மீட்டர் வரையிலான வளையத்தில் மரக்கவிப்பு 53 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்த வீடுகள் கணிசமாகக் கூடுதலாகப் பிழைத்தன. இந்த 18 மீட்டர் இப்போது வீடுகளுக்கிடையே விட வேண்டிய இடைவெளியாக எடுத்தாளப்படுகிறது. இவ்வாசிப்பை ஏற்க இயலவில்லை.

அளவு எடுக்கப்பட்ட விதத்தை நெருங்கிப் பார்த்தால் காரணம் புலப்படும். ஒரு வீட்டுக்குப் பத்து மீட்டரில் பக்கத்து வீடும், இருபத்தைந்து மீட்டரில் அடுத்த வீடும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் எரிந்திருந்தால் முதல் வீட்டுக்கு உரிய அளவு பத்து மீட்டர். பக்கத்து வீடு பிழைத்து அடுத்தது மட்டும் எரிந்திருந்தால் அளவு இருபத்தைந்து மீட்டர். சுவருக்கும் சுவருக்கும் இடையிலான தூரம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. மாறியது அண்டை வீட்டின் கதி. ஆகவே 18 மீட்டர் என்பது மனையில் கயிறு பிடித்து அளக்கும் தூரம் அன்று, தீ அடங்கிய பின்னரே தெரியவரும் எண். அண்டை வீட்டின் கூரையும் துவாரமும் ஜன்னலும் எத்தன்மையவை என்பது அதற்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. வீட்டின் பிழைப்பை வலுவாக முன்னறிவிக்கும் காரணிகளுள் ஒன்று அண்டை வீட்டின் பிழைப்பே என்பதுதான் இத்தரவு உண்மையில் சொல்வது.

இதற்கு எழக்கூடிய தடைகளுள் ஒன்று வலுவானது. தீ கடுமையாக இருந்த இடத்தில் எல்லா வீடுகளும் சேர்ந்தே எரிந்திருக்கும். அருகருகே எரிந்தமையால் ஒன்று மற்றொன்றை எரித்தது என்றாகாது. எண்களை மட்டும் வைத்து இத்தடையை முழுமையாக நீக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எண்களுக்கு வெளியே உடற்சான்று உண்டு. சேதமுற்றும் பிழைத்த வீடுகளின் படங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலான சேதத்துக்கு அருகில் எரிந்த கட்டடங்களின் வெப்பக் கதிர்வீச்சோ வீட்டை ஒட்டிக் கிடந்த பொருள்கள் பற்றி எழுப்பிய சுடரோ காரணம் என்று அக்குழுவினர் கண்டனர். காட்டின் உச்சியில் ஓடும் தீயின் சுடர் ஓரிடத்தில் ஒரு நிமிட அளவே நிலைக்கும். எரியும் வீடோ மணிக்கணக்கில் கனலும். அதன் எதிரே உள்ள ஜன்னலில் வெளிக்கண்ணாடி விரிசல் விடும், பிளாஸ்டிக் சட்டம் இளகித் தொய்யும், கண்ணாடி உதிரும், உதிர்ந்த வழியே கங்குகள் உள்ளறைத் திரைச்சீலையை அடையும். அதே வீட்டின் மறுபக்கச் சுவர் கருகாமல் இருப்பதும் உண்டு. பொதுவான தீக்கடுமை ஒன்றே காரணமாயின் இந்தப் பக்கச் சார்பை விளக்க இயலாது. கங்குமழைதான் முதற்காரணம், கதிர்வீச்சு பின்னரே என்ற தடை வாதத்தைப் பாதிக்காது. முதல் வீட்டைப் பற்றவைத்தது எதுவாயினும் இரண்டாம் வீட்டுக்கு முதல் வீடே எரிபொருள். மரங்களின் பங்கையும் இங்கே மறுக்கவில்லை.

விதிகள் எழுதப்பட்ட முறையிலும் இதே குறுகிய பார்வை உண்டு. 173 பேரைப் பலிகொண்ட 2009 பிப்ரவரி 7 தீக்குப் பின் விக்டோரியா மாநிலம் விரைந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏஎஸ் 3959 என்ற ஆஸ்திரேலியத் தரநிலை, சுற்றியுள்ள தாவரம், நிலத்தின் சாய்வு முதலியவற்றைக் கொண்டு வீட்டின் மீது விழக்கூடிய வெப்பத்தைக் கணித்து வீட்டை வகைப்படுத்துகிறது. அதே மனையில் தரநிலைக்கு உட்படாத கொட்டகையோ வாகனக் கூடமோ இருந்தால், தீத்தடுப்புச் சுவர் இல்லாத நிலையில் ஆறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கிறது. மிக அறிவார்ந்த விதி. ஆனால் அதன் கவனம் வேலியோடு நின்றுவிடுகிறது. வேலிக்கு அப்பால் உள்ள வீடு எரிபொருளாகக் கணக்கில் சேர்வதில்லை.

வளரும் வீடு என்ற கருத்துக்கு இதனால் நேரும் விளைவே இக்கட்டுரையின் கவலை. தீயில் எல்லாம் இழந்த குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் போதாமற் போவது இயல்பு. எனவே இப்போது சிறிதாகக் கட்டி, பிள்ளை பிறக்கும்போதோ முதிய பெற்றோர் வந்து சேரும்போதோ பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளும் வடிவங்களை வடிவமைப்பாளர்கள் பரிந்துரைக்கின்றனர். கேம்ப் தீயில் இறந்தோரில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள் என்பதை நினைத்தால், முதியோரைக் குடும்பத்தின் அருகில் வைத்துக்கொள்ளும் நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது. குறை வளரும் திசையில் இருக்கிறது. 2020 முதல் நடப்பிலுள்ள கலிஃபோர்னியச் சட்டப்படி 800 சதுர அடி வரையிலான துணை வீட்டைப் பக்க எல்லையிலிருந்தும் பின் எல்லையிலிருந்தும் நான்கடி தள்ளிக் கட்டலாம். நான்கடி என்பது 1.2 மீட்டர். எல்லைக்கு அப்பால் உள்ளவரும் அதையே செய்தால் இரு குடியிருப்புகளுக்கு இடையே 2.4 மீட்டரே மிஞ்சும். ஒவ்வொரு வீடும் 7ஏ இயலின் ஒவ்வொரு வரியையும் நிறைவேற்றியிருக்க, தெரு மட்டும் ஆண்டுக்காண்டு நெருங்கிக்கொண்டே போகும். மேலும், பின்னர் ஒட்டவைக்கும் ஒவ்வோர் அறையும் பழைய சுவரோடு சேருமிடத்தில் உள்மூலையையும் கூரைப் பள்ளத்தையும் உண்டாக்குகிறது. காற்றில் வரும் கங்குகள் சருகோடு சேர்ந்து தேங்குவது அங்கேதான்.

வளர்ச்சி உள்நோக்கி நிகழ வேண்டும். அஸ்திவாரம், வெளிச்சுவர், கூரை ஆகிய மூன்றையும் குடும்பத்தின் இறுதித் தேவைக்கு ஏற்ப முதலிலேயே முடித்துவிட்டு, உள்ளே ஒரு பகுதியைப் பூச்சும் தளமும் இன்றி விட்டுவைக்கலாம். குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் அங்குவரை வந்து மூடிவைக்கப்பட்டிருக்க வேண்டும். உள்தடுப்புகள் பாரம் தாங்காதவையாக இருந்தால், தரைத்தளத்தில் தனி வாசலும் குளியலறையும் கொண்ட அறையைத் தாயாருக்கு ஒதுக்கலாம், பின்னர் மகனுக்குத் தரலாம், வாடகைக்கும் விடலாம். வெளி உறையில் கை வைக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டை நோக்கும் சுவரில் ஜன்னல்களைக் குறைத்து, இருப்பவற்றில் கடினமாக்கிய கண்ணாடி பொருத்தி, சுவரடியில் 1.5 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இல்லாமல் விட வேண்டும். இடைவெளியில் விறகுக் குவியலோ மரக் கொட்டகையோ கூடாது.

செலவு கூடும் என்பார்கள். தீத்தாங்கும் பொருள்களைப் பொறுத்தவரை இது நிற்காது. ஹெட்வாட்டர்ஸ் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அத்தகைய புதிய வீட்டின் செலவு வழக்கமான வீட்டின் செலவை ஒட்டியே இருந்தது. பெரிய உறையை முதலிலேயே எழுப்பும் கூடுதல் செலவு உண்மைதான். மறுகட்டுமான உதவித்தொகை சென்றுசேர வேண்டிய இடமும் அதுவே. குடியிருப்புப் பஞ்சத்தைக் காட்டித் துணை வீடுகளைக் காக்க முனைவோருக்கும் விடை உண்டு. வீட்டின் சுவர்களுக்குள்ளேயே 500 சதுர அடி வரை தனிக் குடியிருப்பு அமைக்க அதே மாநிலச் சட்டம் ஏற்கெனவே இடம் தருகிறது.

2025 ஜனவரி 7 அன்று தொடங்கிய ஈட்டன் தீ, லாஸ் ஏஞ்சலஸை அடுத்த ஆல்டடீனாவிலும் சுற்றுப்புறத்திலும் 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அத்தகைய நெருக்கமான மனைகளில் 18 மீட்டர் இடைவெளி கேட்பது வீண். அது தேவையும் இல்லை. தெரு முழுவதும் ஒரே தரத்தில் எழுவதும், எழுந்த பின் இடைவெளிகள் அடைபடாமல் இருப்பதுமே தேவை. எனவே மறுகட்டுமான அனுமதி கோரும் ஒவ்வொரு வரைபடமும் அண்டை மனையின் கட்டடங்களைக் காட்ட வேண்டும். குடும்பம் பெருகும்போது வீடு எந்தச் சுவருக்குள் வளரும் என்பதையும் அதிலேயே குறிக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வரைபடத்துக்கு, அது விதித்தொகுப்பின் மற்ற எல்லா வரிகளையும் நிறைவேற்றினாலும், அனுமதி தரக் கூடாது.