தட்டுல வச்சு குடுங்க

 

போன தைப்பூசத்துல நாங்க பார்த்த ஒரு காட்சி இன்னும் மனசை விட்டுப் போகல. ஒரு குடும்பம் காவடிக்கு உருமி மேளம் பேசி வச்சிருந்தாங்க. அடிக்கிற பசங்களுக்கு இருபது வயசுதான் இருக்கும். எங்க தண்ணீர் பந்தல் பக்கம் வரும்போது கூட வந்த ஒருத்தர் பத்து வெள்ளி நோட்டை மடிச்சு ஒரு பையன் வாயில சொருகிட்டாரு. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க, போன்ல படம் பிடிச்சாங்க. பையன் அடியை நிறுத்தல, நோட்டைக் கடிச்சிக்கிட்டே அடிச்சான். கண்ணு மட்டும் கலங்கிப் போச்சு.

குடுத்தவர் கெட்டவர் இல்ல. மேளம் பிடிச்சிருந்தது, சந்தோஷத்துல செஞ்சாரு. ஆனா நம்ம முன்னோர் இப்படிக் குடுக்கல.

சங்க நூல்கள்ல பொருநராற்றுப்படைன்னு ஒண்ணு, முடத்தாமக்கண்ணியார் பாடினது. பறை தட்டிப் பாடி வந்த ஏழைக் கலைஞனுக்குக் கரிகால் சோழன் என்ன செஞ்சான்னு அதுல இருக்கு. கிழிஞ்ச துணியை மாத்திப் பட்டு குடுத்தான். போதும் போதும்ங்கிற அளவுக்குச் சோறு போட்டான். பொன்னால செஞ்ச தாமரை, நாலு வெள்ளைக் குதிரை பூட்டின தேர். கடைசியில வழியனுப்ப ராஜாவே ஏழடி பின்னால நடந்து போனான். தேரை விட அந்த ஏழடிதான் எங்களுக்குப் பெருசாத் தெரியுது.

அடுத்தது தஞ்சைப் பெரிய கோயில். ராஜராஜ சோழன் ஆடுறவங்க 400 பேரோட, பாடுறவங்க, உடுக்கை, வீணை வாசிக்கிறவங்களுக்கெல்லாம் பங்கு எழுதிக் கல்லுலயே வெட்டி வச்சாரு. ஒரு பங்குன்னா வருசத்துக்கு 100 கலம் நெல்லு. ஒருத்தர் காலமானா நெருங்கின சொந்தத்துக்கு அந்தப் பங்கு போகும், அவங்களுக்குத் தகுதி இல்லன்னா தகுதியான ஆளை அவங்களே அமர்த்தணும். எங்க குழுவுல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க, சிலருக்கு இன்னும் ஒழுங்கான ஒப்பந்தம் கூட இல்ல. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி மேளக்காரருக்கு அது கல்லுல இருந்திருக்கு!

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. கோயில் குடுத்தது கூலி, அது பேசினபடி வந்தாகணும். கரிகாலன் குடுத்தது சன்மானம், அது மனசு நிறைஞ்சு மேல குடுக்கிறது. இப்ப நம்மாளுங்க "டிப்ஸ் குடுத்தாச்சே"ன்னு பேசின காசுல குறைக்கிறாங்க. இது நியாயமே இல்ல.

நம்ம பினாங்குல வெள்ளி ரதம் 1894-ல இருந்து ஓடுது. தங்க ரதம் 2017-ல வந்தது. எந்த ரதமா இருந்தாலும் முன்னால நாதஸ்வரமும் தவிலும் இல்லாம நம்மால நினைச்சுப் பார்க்க முடியுமா? அவங்களுக்கும் இதே முறைதான். வாசிக்கும்போது கிட்ட போய்த் தொந்தரவு பண்ண வேணாம். ஒரு உருப்படி முடியட்டும். தட்டுல வெத்தல பாக்கு, பழம், அதுமேல 51-ஓ 101-ஓ வச்சு, குழுத் தலைவர் கையில ரெண்டு கையாலயும் குடுங்க. பொடிப் பையன் ஜால்ரா போட்டாலும் அவனுக்கும் பங்கு போகணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தண்ணி குடிச்சாங்களா, சாப்பிட்டாங்களான்னு கேளுங்க. 513 படி ஏறி இறங்கினவங்க அவங்க.

அன்னிக்கு அந்தப் பையனைப் பந்தலுக்குள்ள கூப்பிட்டு மோர் குடுத்தோம். நோட்டைத் துடைச்சு மடிச்சு தலைவர் கிட்ட குடுத்துட்டுப் போனான்.

இந்த வருசம் எங்க பந்தல்ல நாலு பித்தளைத் தட்டு, வெத்தல பாக்கோட தயாரா இருக்கும். வேணுங்கிறவங்க கேட்டு வாங்கிக்கங்க, தட்டை மட்டும் மறக்காம திருப்பிக் குடுத்துடுங்க.