செஞ்சந்தனமும் சாண்டர்சும்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறிச் சென்றவர்கள் சேஷாசலக் காடுகளைக் கண்டிருப்பீர்கள். அக்காடுகளின் தனிச் செல்வம் செஞ்சந்தன மரம். தெலுங்கர் அதனை எர்ர சந்தனம் என்பர். நம்மவர் செம்மரம் என்பர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியே அதன் இயற்கையான பிறப்பிடம். மணமுள்ள சந்தனத்திற்கு அது உறவன்று. வேங்கை மரத்திற்கே உறவு. ஆங்கிலத்தில் அதற்கு ‘ரெட் சாண்டர்ஸ்’ என்று பெயர்.

இப்பெயரை முதன்முதல் மொழிபெயர்க்க நேர்ந்தபோது நாம் ஒரு பிழை செய்தோம். சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எவரோ கண்டறிந்த மரம் போலும் என எண்ணி, ‘சாண்டர்சின் செம்மரம்’ என்று எழுதிவிட்டோம். அகராதியைப் புரட்டிய பின்னரே நாணமுற்றோம். நம் வீட்டுப் பொருளை அயலார் பெயருக்கு எழுதிக் கொடுத்த கதையாயிற்று அது.

உண்மை யாதெனில், ‘சாண்டர்ஸ்’ என்பது நம் ‘சந்தனம்’ என்ற சொல்லே. வாணிகப் பொருளோடு பெயரும் மேற்கே பயணம் செய்தது. அரபு, இலத்தீன், பழைய பிரெஞ்சு ஆகிய மொழிகளின் வழியே உருமாறி இங்கிலாந்தை அடைந்தது. 1390-ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் அரண்மனைச் சமையற்காரர்கள் தொகுத்த நூலில், உணவுக்குச் செந்நிறமூட்டும் பொருளாக ‘சாண்டர்ஸ்’ குறிக்கப்பெறுகிறது. ‘சந்தனம்’ என்பதனையே நம் ‘சாந்து’ என்னும் சொல்லோடு இணைத்துக் காண்கின்ற அறிஞரும் உளர்.

அங்ஙனமாயின் சாண்டர்ஸ் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? அலெக்சாந்தர் என்ற பெயரின் குறுக்கம் அது. மரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஒலி ஒன்றாயிருப்பினும் குலம் வேறு.

எனினும், மரத்தால் பெயர் பெற்ற குடும்பங்கள் அந்நாட்டில் பல உண்டு. ‘நாஷ்’ என்பது ஒன்று. ஆஷ் மரத்தருகே குடியிருந்தவரை இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன் ஆஷ்’ என்று சுட்டினர். முதற்சொல்லின் ஈற்று மெய் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளவே ‘நாஷ்’ தோன்றியது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயசின் தந்தையார், தம் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தின் பெயரிலிருந்தே ‘லின்னேயஸ்’ என்ற பெயரை அமைத்துக்கொண்டார். அவ்வறிஞரின் மைந்தரே நம் செஞ்சந்தனத்திற்கு 1782-இல் தாவரவியற் பெயர் சூட்டியவர். மரத்தால் பெயர் பெற்ற குடும்பம் நம் மரத்திற்குப் பெயர் தந்தது!

இனி நம் பக்கம் திரும்புவோம். தெலுங்கு நாட்டில் இண்டிபேரு எனும் வீட்டுப்பெயர் முதலில் நிற்கும். ஆந்திர முதலமைச்சராயிருந்த மர்ரி சென்னா ரெட்டியின் பெயரில் முன்நிற்கும் ‘மர்ரி’ ஆலமரத்தைக் குறிக்கும் சொல். சித்தூருக்கு அண்மையில் வேப்பஞ்சேரி என்றோர் ஊர் உண்டு. வேம்பையும் சேரியையும் அப்பெயரில் எவரும் காணலாம். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் எழுந்தருளியுள்ள தாயாரின் திருப்பெயர் அலர்மேல்மங்கை. தாமரை மலர்மேல் வீற்றிருக்கும் மங்கை என்பது பொருள். இத்தமிழ்ப் பெயரைத் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 15-ஆம் நூற்றாண்டில் தம் தெலுங்குக் கீர்த்தனங்களில் ‘அலமேலுமங்கா’ என்று போற்றினார். நம் இல்லங்களிலோ அது ‘அலமேலு’ எனச் சுருங்கிற்று.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம் குடும்பங்களில் எத்தனை அலமேலுகள்! பள்ளியிலும் அலுவலகத்திலும் படிவம் நிரப்புகையில், குடும்பப் பெயர் யாது என்ற கேள்விக்குத் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதி வைக்கிறோம். அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் தன் பெயரினுள் ஒரு மலர் இருக்கிறதென்பதை அக்குழந்தை அறியாது வளர்வது குறையே. பொருளறியாத பெயரை எவரும் எவருக்கும் உரியதென எழுதிவிடலாம். செஞ்சந்தனத்திற்கு நாமே அதனைச் செய்தோமல்லவா? இன்றிரவு உணவின்போது வீட்டிலுள்ள பெயர் ஒவ்வொன்றின் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். தெரியாததை ஊரிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறியுங்கள்.